ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போன அம்மாவைத் தூரத்திலிருந்து கவனிப்பது எப்படி

எங்கள் அம்மாவிடம் போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், காய்ச்சல் 102 அடித்தாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்து, அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தார்கள். நான்காம் நாள், புண்ணுக்குள் ஊறும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் டியூபோடு கோவில்பட்டி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கூட்டிவந்தோம். பக்கத்து வீட்டில் சித்தி இருக்கிறாள், நான் வேலைக்காகச் சென்னையில், டாக்டர் மதுரையில். இப்படி மூன்று ஊருக்கு நடுவில் ஒரு புண்ணை ஆறவைப்பது எப்படி என்று அந்த ஒரு மாதத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. நான் சொல்லும் எண்ணும் உங்கள் டாக்டர் சொல்லும் எண்ணும் வேறாக இருந்தால் அவர் சொல்வதுதான் கணக்கு.

டிஸ்சார்ஜ் பேப்பர் கைக்கு வருவதற்கு முன்னால்

டிஸ்சார்ஜ் அன்று எல்லாருக்கும் பில், இன்சூரன்ஸ், வண்டி என்று ஓட்டம்தான். அந்த ஓட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்க மறந்துபோகும், அதனால் முந்தின நாள் சாயந்திரமே டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு தாளில் எழுதிவைத்துக் கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி, ராத்திரி 10 மணிக்கு ஏதாவது ஆனால் எந்த நம்பரில் யார் எடுப்பார்கள் என்பது. டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும், அதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள், அங்கேயே நின்று ஒருதரம் அடித்துப் பாருங்கள். நாங்கள் அடித்துப் பார்க்கவில்லை. பிறகு தேவைப்பட்ட நாளில் அது ரிசப்ஷனுக்குப் போனது, "டாக்டர் ஓ.பி. முடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க, நாளைக்கு வாங்க" என்று வைத்துவிட்டார்கள். எங்களைக் காப்பாற்றியது வார்டு சிஸ்டரின் நம்பர், அதையும் நான் வாங்கவில்லை, சித்தி அவரோடு ஊர்க்கதை பேசி வாங்கிவைத்திருந்தாள்.

அப்புறம், எந்த அளவு வந்தால் கூப்பிட வேண்டும் என்பதை எண்ணாகவே கேளுங்கள். "ஏதாவது பிரச்சினைன்னா வாங்க" என்பது உங்களுக்கு உதவாது, ஏனென்றால் எது பிரச்சினை என்று தெரியாமல்தானே தவிக்கப்போகிறீர்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி, டிரெயினில் எத்தனை மி.லி., வலி பத்துக்கு எத்தனை. கூடவே டிரெயினை யார், எந்த ஊரில், எப்போது எடுப்பார்கள், தையல் பிரிக்கும் நாள், நிறுத்திவைத்த மாத்திரைகளில் எதை எப்போது மறுபடி ஆரம்பிப்பது (ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்), பயாப்ஸி ரிப்போர்ட் எந்தத் தேதியில் வரும், அதை யாரிடம் வாங்குவது. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும்.

அம்மாவின் பதிலை எண்ணாக மாற்றுவது

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், முடிந்தால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், இவ்வளவு போதும். ஆப் எல்லாம் வேண்டாம், எங்கள் சித்திக்கு வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தெரியும், அதை வைத்துத்தான் முழு மாதமும் ஓட்டினோம். உங்கள் ஆஸ்பத்திரி ஆப் தந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஆப்பில் நாம் போடுவதை அங்கே யார் பார்க்கிறார்கள், எத்தனை மணிக்குள் பார்ப்பார்கள்? யாரும் பார்க்காத ஆப் நோட்டை விட மோசம், சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியை மட்டும் கொடுத்துவிடும்.

தினம் இரண்டு வேளை, ஒரே நேரத்தில். சித்தி அனுப்பியதில் ஒன்றை அப்படியே போடுகிறேன்:

"நாள் 6. காலைல ஆறரை. காய்ச்சல் 98.6, மாத்திரைக்கு முன்னாடி. நாடி 82. வலி 3. அசதி 4. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சவ அப்புறம் தூங்கல. டியூப்ல 90, ரோஸ் கலர். மூணு இட்லி. ரெண்டு நாளா வெளிக்கிப் போகல."

இதில் 'மாத்திரைக்கு முன்னாடி' என்பதைக் கவனியுங்கள். வலிக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் காய்ச்சலையும் அமுக்கிவிடும். ஆறு மணிக்கு மாத்திரை போட்டு ஏழு மணிக்குப் பார்த்தால் தெர்மாமீட்டர் நல்லபிள்ளை மாதிரி 98 காட்டும். நாங்கள் முதல் இரண்டு நாள் அப்படித்தான் பார்த்தோம். மாத்திரை போடுவதற்கு முன், காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து, நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். ஆபரேஷன் நடந்த பக்கத்து அக்குளில் வைக்க வேண்டாம்.

வலி, அசதி இதெல்லாம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் முதல் நாள் அம்மா சிரித்தாள், "நான் என்ன பரீட்சையா எழுதுறேன்" என்று. சுழியம் என்றால் ஒன்றுமே இல்லை, பத்து என்றால் அவள் வாழ்க்கையில் பட்டதிலேயே மோசமான வலி, என்னைப் பெற்றபோது பட்டது என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் சரியாக வந்துவிட்டது. எண்ணை விட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். 5, 4, 3 என்று இறங்கிய வலி திடீரென்று 6 ஆனால் அன்றைக்கே கேட்க வேண்டும், முதலிலிருந்து 4லேயே நிற்கிறவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் மாத்திரை போதவில்லை என்று டாக்டரிடம் சொல்லலாம்.

இந்தப் பத்துக்கு எத்தனை விளையாட்டு நான் கண்டுபிடித்ததில்லை. சீனாவில் நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட 166 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2022ல் வெளியிட்டார்கள். வீட்டுக்குப் போன பிறகு நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, வலி, இருமல், மூச்சிரைப்பு, தூக்கக்கேடு, அசதி ஐந்தையும் மார்க் போடச் சொல்லி, எது 4ஐத் தொட்டாலும் சர்ஜனுக்குத் தகவல் போகிற மாதிரி செய்தார்கள். அப்படித் தகவல் போனவர்களுக்குத் தொல்லைகள் குறைவாக இருந்தன. அதற்கு முன்பே நியூயார்க்கில் 766 பேரிடம், இவர்கள் ஆபரேஷன் நோயாளிகள் இல்லை, நோய் பரவிக் கீமோ எடுத்தவர்கள், கம்ப்யூட்டரில் தங்கள் தொல்லைகளைக் குறித்து அனுப்பச் சொல்லிப் பார்த்தார்கள். அப்படிக் குறித்தவர்கள் மற்றவர்களை விடச் சராசரியாக ஐந்து மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2017ல் முடிவு வந்தது. கேட்டால்தான் சொல்வது, பொறுக்க முடியாமல் போனால்தான் கேட்பது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை போல.

மனசு எப்படி இருக்கிறது என்பதை எண்ணாகக் கேட்டு எனக்குச் சரிவரவில்லை. அதற்குப் பதிலாக வேறு மாதிரி கேட்டேன். எத்தனை இட்லி, சாயந்திரம் வாசல் வரை போனாயா, நேற்று சீரியலில் என்ன ஆச்சு. சீரியலில் என்ன ஆச்சு என்பதற்கு "யாரு பார்த்தா" என்று வந்த நாளெல்லாம் அம்மா சரியாக இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

டிரெயின் பாட்டில்: குறைந்தால் நல்லது, ஆனால் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள்

மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு தோலுக்கு அடியில் நீர் கட்டாமல் இருக்க ஒரு டியூப் வைத்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு பாட்டிலோடு சேர்த்துவிடுவார்கள். அதை அமுக்கிவைத்தால் அது விரியப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் நீரை இழுக்கும், அவ்வளவுதான் விஷயம். காலி செய்யும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து, அளவு ஜாடியில் ஊற்றி, ஜாடியைத் தரையில் வைத்துக் கண் மட்டத்துக்குக் குனிந்து அளவைப் பார்த்து, மறுபடி அமுக்கி மூட வேண்டும். சித்திக்குப் பார்வை கொஞ்சம் மங்கல், செல்போன் டார்ச்சை ஜாடிக்குப் பின்னால் பிடித்துப் படிப்பாள். தினமும் ஒரே நேரத்துக்கு ஊற்றினால்தான் 24 மணி நேரக் கணக்கு சரியாக வரும்.

முதல் இரண்டு நாள் ரத்தச் சிவப்பு, பிறகு ரோஸ், பிறகு வைக்கோல் நிறம், அளவும் படிப்படியாக இறங்கும். பெரும்பாலும் நாள் ஒன்றுக்கு 30 மி.லி.க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுத்துவிடுவார்கள், சில டாக்டர்கள் 20 என்பார்கள்.

இங்கேதான் எங்களுக்கு அடி விழுந்தது. ஆறாம் நாள் 90, ஏழாம் நாள் 15. சித்தி போனில் கத்துகிறாள், "பதினஞ்சுதான்டி, அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று. எனக்கும் சந்தோஷம், ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருந்தவளிடம்கூடச் சொன்னேன். எட்டாம் நாள் 10. ஆனால் அன்றைக்கு அம்மா, அவளாகவே, நெஞ்சில் ஏதோ கனமாக அமுக்குகிறது என்றாள், டியூப் நுழையும் இடத்தில் நைட்டி நனைந்திருக்கிறது என்று சித்தி சொன்னாள். வீடியோ காலில் டியூபை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டச் சொன்னேன். நடுவில் மண்புழு மாதிரி ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது. நீர் குறையவில்லை, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கட்டியிருந்தது. மறுநாள் விடியற்காலையில் மதுரைக்குப் போய் அடைப்பை எடுத்து, ஓரத்தில் சிவந்திருந்ததற்கு மாத்திரை கொடுத்து, டியூபை எடுக்கப் பன்னிரண்டாம் நாள் ஆகிவிட்டது.

ஆகவே, அளவு திடீரென்று விழுந்தால் முதலில் டியூபைப் பாருங்கள். கட்டி நிற்கிறதா, எங்காவது மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, தோல் உப்பியிருக்கிறதா. பாட்டில் முழுக்க விரிந்து கிடந்தால் காற்று இறங்கிவிட்டது, மறுபடி அமுக்கிவிட வேண்டும், உடனே மறுபடி விரிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, கூப்பிடுங்கள். டியூபை விரலால் உருவிவிடும் முறை ஒன்று இருக்கிறது, சிஸ்டர் செய்துகாட்டியிருந்தால் மட்டும் செய்யுங்கள், யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம். ரோஸாகிவிட்ட நீர் திரும்பவும் சிவப்பாகப் புது ரத்தமாக வந்தாலோ, கலங்கி வீச்சம் அடித்தாலோ அன்றைக்கே பேச வேண்டும். டியூப் எடுத்த பிறகும் சிலருக்குத் தண்ணீர்ப் பை மாதிரி மெத்தென்று நீர் கட்டும், அதை ஊசியால் எடுத்துவிடுவார்கள். நோய் திரும்ப வந்துவிட்டது என்று அம்மா பயந்தாள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

போட்டோ எடுப்பது

டாக்டருக்கு அனுப்பும் போட்டோ பாதிப் பேருக்கு உபயோகமில்லாமல் போவது வெளிச்சத்தால்தான். ட்யூப்லைட்டில் எடுத்தால் சிவப்பு தெரியாது, ஃபிளாஷ் போட்டால் எல்லாமே பளபளக்கும். காலை ஒன்பது மணி வாக்கில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, ஒன்று தள்ளி நின்று, ஒன்று கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் புண்ணைத் தொடாமல் பிடித்து எடுங்கள், அளவு புரியும். சிவந்திருந்தால் சிவப்பு முடியும் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதிவிடுங்கள். நாலு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவே போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. இது அம்மாவின் மார்பு. முதல் மூன்று நாள் அவள் எடுக்கவே விடவில்லை, என் தம்பி வீட்டில் இருக்கும்போது டிரெஸ்ஸிங்கைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். சித்தி மட்டும்தான் எடுப்பாள், முகம் வராது, எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் போகும் என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, சித்தியின் போனில்தான் அவள் பேரன் கேம் ஆடுகிறான். வாட்ஸ்ஆப்பில் வரும் படங்கள் கேலரிக்குத் தானாகப் போவதை நிறுத்துங்கள், எடுத்த படத்தை அனுப்பியதும் கேலரியிலும் குப்பைத் தொட்டியிலும் அழிக்கச் சொல்லுங்கள். குடும்ப குரூப்பில் போடவே போடாதீர்கள். அங்கே துபாயிலிருந்து ஒரு மாமா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்வார். புண்ணின் மேல் எதையும் பூசக் கூடாது.

எதற்கு எவ்வளவு அவசரம்

பேசிக்கொண்டே இருக்காமல் கிளம்ப வேண்டியவை: திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம், பேச்சு குழறுவது அல்லது குழம்புவது, டிரெயின் பாட்டில் புது ரத்தத்தால் மளமளவென்று நிறைவது, டிரெஸ்ஸிங் நனைந்து ரத்தம் சொட்டுவது. இதற்கெல்லாம் எனக்கு போன் பண்ணாதே, 108க்குப் பண்ணு என்று சித்தியிடம் சொல்லிவைத்திருந்தேன். மதுரைக்கே போக வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம், கிட்ட இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு முதலில் போய், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, அங்கிருந்து டாக்டரோடு பேச வைக்கலாம்.

மூச்சு வாங்குவதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், புற்றுநோய் இருந்தாலே ரத்தம் கட்டிக்கொள்ளும் தன்மை கூடும், ஆபரேஷன் முடிந்து படுத்தே இருந்தால் இன்னும் கூடும். கெண்டைக்காலில் ரத்தக்கட்டி உருவாகி அது நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடாக இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. வயிறு, இடுப்புப் பகுதியில் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதற்காகத் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை நான்கு வாரம் வரை எழுதித் தருவதுண்டு, நன்றாகத்தான் இருக்கிறார் என்று பத்தாம் நாள் நிறுத்திவிடாதீர்கள்.

அன்றைக்கே போன் பண்ண வேண்டியவை: 100.4 பாரன்ஹீட்டும் அதற்கு மேலும், குளிர்நடுக்கம், புண் ஓரம் சிவந்து பரவுவது, சீழ், தையல் விட்டுப்போவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100க்கு மேல் ஓடுவது, மாத்திரை போட்டும் ஏறும் வலி, ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, எதைக் குடித்தாலும் வாந்தி.

நாளைக்குப் பேசலாம் என்று விடக்கூடியவை நிறைய இருக்கின்றன, அவைதான் வீட்டில் அதிகம் கலவரப்படுத்தும்: அக்குளிலும் மேல்கையின் உள்பக்கமும் மரத்துப்போவது, இல்லாத மார்பில் ஊசி குத்துகிற மாதிரி இருப்பது, தழும்பைச் சுற்றி அரிப்பு. மலச்சிக்கலும் இதில்தான் சேரும், டிரமடால் மாதிரி வலி மாத்திரைகள் குடலைக் கட்டிப்போடும், அதற்கு மருந்து எழுதித் தரச் சொல்லி முதல் நாளே கேட்டிருக்கலாம்.

குடல் ஆபரேஷன் ஆனவர்கள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்களுக்கு முதல் பத்து நாளில் பயப்பட வேண்டியது குடலைத் தைத்த இடத்தில் கசிவு, அது பெரும்பாலும் வயிற்று வலி, காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் நாடி என்றுதான் தலைகாட்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் மலச்சிக்கல் என்று கஷாயம் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி. மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவர்கள், அதுவும் சிறுகுடலில் வைத்திருந்தால், பையில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீராகப் போனால் உடம்பு வற்றிவிடும். வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பது உதவாது, ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

போனில் டாக்டர் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது

2020 மார்ச்சில் மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி டாக்டர் போனிலோ வீடியோவிலோ மெசேஜிலோ பார்த்து மருந்து எழுதித் தரலாம். நேரில் பார்த்த அதே டாக்டர், அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் என்றால் அதைத் தொடர் ஆலோசனையாக எடுத்துக்கொள்வார்கள், அதில் கொஞ்சம் கூடுதலான மருந்துகள் எழுத இடம் இருக்கிறது. ஆனால் மார்ஃபின், டிரமடால் மாதிரி போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறவற்றை இப்படி எழுதித் தர முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி வலி மாத்திரை தீர்ந்த பிறகு போன் பண்ணி டாக்டரோடு சண்டை போட்டுப் பிரயோசனம் இல்லை. ஐந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள்.

பேசும்போது கதையை முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பெயர், ஆஸ்பத்திரி நம்பர், என்ன ஆபரேஷன், இன்றைக்கு எத்தனையாவது நாள், என்ன மாறியிருக்கிறது, கடைசி மூன்று நாள் எண்கள், உங்கள் கேள்வி. அரை நிமிஷத்தில் முடியும். நான் இதை மெசேஜாக அனுப்பிவிட்டு அப்புறம்தான் கூப்பிடுவேன், டாக்டரும் பார்த்துக்கொண்டே பேசுவார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, சித்தியிடம் நான் சொல்லி, சித்தி எனக்குத் திருப்பிச் சொல்வாள். கேலிக்கூத்தாகத் தெரியும், ஆனால் "சாப்பாட்டுக்கு முன்னால்" என்பது மூன்று பேர் வாய் மாறி "சாப்பிட்ட பிறகு" என்று ஆனதை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் கிடைக்காத நேரத்துக்கு வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கிறது, இலவசம். தமிழ்நாட்டில் 104க்கு அடித்தாலும் ஆலோசனை சொல்வார்கள். இரண்டிலும் பேசுகிறவருக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது, அதனால் பொதுவான சந்தேகத்துக்கு மட்டும். டிரெஸ்ஸிங் மாற்ற ஒவ்வொரு தடவையும் மதுரைக்கோ சென்னைக்கோ ஓட வேண்டியதில்லை, என்ன செய்ய வேண்டும் என்று சர்ஜனிடம் எழுதி வாங்கிவந்தால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பெயர் பதிந்துகொள்வார்கள்.

கையும் சாப்பாடும்

அக்குள் நெறி எடுத்த பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீங்கும் வாய்ப்பு உண்டு, மாதங்கள் கழித்தும், வருடங்கள் கழித்தும்கூட வரும். ஒரு டெய்லர் டேப் எடுத்து முழங்கைக்கு மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. இரண்டு இடத்திலும் இரண்டு கையையும் அளந்து நோட்டில் எழுதுங்கள், மாதம் ஒருதரம் போதும். முன்பு இல்லாமல் புதிதாக 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் காட்ட வேண்டும். ஆனால் மோதிரமும் வளையலும் இறுக்குகிறது, ஜாக்கெட் கை பிடிக்கிறது என்பது டேப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டாம், ஊசி வேண்டாம் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் நாமாகவே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். அடுப்பில் சுட்டுக்கொள்வது, முள் குத்துவது எல்லாம் அந்தக் கையில் சின்ன விஷயம் இல்லை.

அதற்காகக் கையைக் கட்டிப்போட்டால் தோள் இறுகிவிடும். சுவரில் விரலால் நண்டு ஏறுகிற மாதிரி மேலே ஏறச் சொல்வார்கள், எந்த நாளிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்வார். அம்மா ஏறிய உயரத்தைச் சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள், நானும் தம்பியும் வளர்ந்த உயரத்தைக் குறித்த அதே சுவர்.

சாப்பாட்டுக்கு வருவோம். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், மீன் ஆகாது, பருப்பு புண்ணை ஆறவிடாது என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். புண் ஆறுவதற்குப் புரதம்தான் வேண்டும், ரசம் சாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பு எதை வைத்துத் தோலைக் கட்டும்? டாக்டர் தடுக்காத வரை முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் கொடுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியம் சர்க்கரை அளவு, அது ஏறிக்கிடந்தால் புண் ஆறாது, அந்த எண்ணையும் தினக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டும் அதற்கு அப்புறமும்

புண் ஆறியதும் எல்லாரும் மூச்சு விடுவார்கள், அங்கேதான் தவறவிடுகிறார்கள். எடுத்த கட்டியின் முழு ரிப்போர்ட் ஒன்றிரண்டு வாரத்தில் வரும். கட்டி எவ்வளவு பெரியது, ஓரங்களில் நோய் இல்லாமல் வந்திருக்கிறதா, எத்தனை நெறி எடுத்ததில் எத்தனையில் இருந்தது, மார்பகம் என்றால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 (எந்த மருந்துக்குக் கட்டி கட்டுப்படும் என்று காட்டும் சோதனைகள்) என்ன, எல்லாம் அதில்தான் இருக்கும். கீமோவா, கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டுமா, மாத்திரை மட்டும் போதுமா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். ரிப்போர்ட் வாங்கப் போனில் பேசலாம், ஆனால் அதை வைத்து முடிவெடுக்கும் பேச்சை நேரில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவும் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவிடம் சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது, அவள் அடுத்த அறையிலிருந்து "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

கீமோ ஆரம்பித்துவிட்டால் அதே 100.4க்கு அர்த்தமே வேறு. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் நேரம், முக்கியமாக ஊசி போட்டு ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள், காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு மார்பகப் புற்றுநோய்க்கு முதல் மூன்று வருடம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கை வைத்துப் பார்க்க வேண்டும், நான்காம் ஐந்தாம் வருடம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம். மீதியிருக்கும் மார்புக்கு வருடம் ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). தொல்லை ஏதும் இல்லாதவருக்கு உடம்பு முழுக்க நோயைத் தேடும் பெட் ஸ்கேனை வருடா வருடம் எடுப்பது வழக்கமான சிகிச்சை முறையில் இல்லை, பயத்துக்காக எடுத்துப் பணத்தைக் கரைக்காதீர்கள். குடல் புற்றுநோய் என்றால், நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை முதல் இரண்டு வருடம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது). இரண்டு செக்கப்புக்கு நடுவில் புதிதாக ஒரு முதுகு வலியோ இருமலோ வந்து இரண்டு மூன்று வாரம் போகாமல் நின்றால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பேப்பர்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே ஃபைலாக உங்கள் போனிலும் சித்தி போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். செக்கப்புக்கு ரயிலில் போகிறவர்களுக்குப் புற்றுநோய்ச் சலுகை உண்டு: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, கூடப்போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய படிவத்தோடு கவுன்டரில்தான் எடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு செக்கப் முடிந்து கிளம்பும்போதே அடுத்த தடவைக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், நாங்கள் இரண்டு தடவை அதற்காகவே தனியாக ஒரு நடை போனோம்.